தலைவர் கண்ட ஆவுளியா

சுலைகாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கடலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

துணி காயப்போட மாடிக்கு ஏறினால் அவளுக்குக் கடல் தெரியும். படுத்தால் கடல் கேட்கும். ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து கணுக்காலுக்கு மேல் அது அவளைத் தொட்டதில்லை. கணவர் ஹாஜா முகைதீன் சவுதியில், தம்மாமில் இருந்த காலமெல்லாம், புருஷன் ஊரில் இல்லாதவள் கடலில் குளிக்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அவர் தலைவராகிவிட்டார்.

ஊருக்குக் கிழக்கே, உடைமரக் காட்டைத் தாண்டி ஒரு சின்னக் கடற்கரை இருக்கிறது. பவளக் கல்லும் சிப்பியும் காலைக் குத்தும். நடுவில் ஒரு கறுத்த பாறை கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்கும். அதன் மேல் ஆலாப் பறவைகள் உட்கார்ந்து, கீழே ஓடும் நண்டுகளை வேடிக்கை பார்க்கும். ஆண்டவன் இப்படியே விட்டுவிட்டானே என்று மனம் பொறுக்காமல் ஹாஜா முகைதீன் ஒரு மேம்பாட்டுக் குழு அமைத்தார். தலைவர் அவர். செயலாளர் சுலைகா, அது அவளுக்கு இன்னும் தெரியாது. பொருளாளர் வேன் ஓட்டும் மருதுபாண்டி. குழுவிடம் பொருள் எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே அவன் சம்மதித்தான்.

குழு இரண்டு காரியங்கள் செய்திருந்தது. முதலாவது, இன்னின்னது செய்யக் கூடாது என்று ஒரு பலகை. அதைப் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டாவது, சிமெண்டு பெஞ்சு. சாய்மானத்தில் பொறித்த தலைவரின் பெயர் சாலையில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, பெஞ்சைக் கடலுக்கு முதுகு காட்டிக் கட்டியிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் டவுன் பஸ் நன்றாகத் தெரியும்.

தை மாதத்தில் சென்னையிலிருந்து ஹாஜா முகைதீனின் தங்கை ஜுனைதாவும் அவள் கணவர் அப்துல் ஹமீதும் வந்தார்கள். அப்துல் ஹமீது வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வேகத்தில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா ஒன்று வாங்கியிருந்தார். அதற்குத் தீனி போட வேண்டுமே? மச்சான் போனில் அளந்ததை நம்பி ரயிலேறிவிட்டார்.

மச்சான் அளந்தது இதுதான்: "எங்க கடல்ல ஆவுளியா ஆட்டுக்கெட மாதிரி மேயும் மாப்ள. நான் கரையில நின்னா நிமிந்து பாக்கும்."

ஆவுளியா என்றால் கடல்பசு. கடலடியில் புல் மேய்ந்துகொண்டு, மூச்சு விட மட்டும் மேலே வருகிற கூச்சப் பிராணி. ஹாஜா முகைதீன் அதைப் பார்த்ததுண்டு, தம்மாமில், டிவியில்.

விருந்தாளிகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம் என்றதும், இன்றைக்கு எப்படியும் தண்ணீரில் உட்கார்ந்துவிடலாம் என்று சுலைகா உள்ளுக்குள் குதித்தாள். விறகடுப்பில் பிரியாணி ஆக்கி, வளையப் பிடி வைத்த, அடி கறுத்த பெரிய தேக்சாப் பாத்திரத்தோடு வேனில் ஏற்றினாள்.

இறங்கியதுமே தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். "யாரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது. சத்தமும் போடக் கூடாது. ஆவுளியா கூச்சப்படும்."

"ஒங்களப் பாத்தா நிமிந்து பாக்கும்னீங்க?" என்றாள் சுலைகா.

"அது என்னைய. நீ யாரு?"

இரண்டு மச்சான்மாரும் பெஞ்சின் மேல் பின்பக்கமாகத் திரும்பி முட்டி போட்டு, சாய்மானத்தின் மேல் கைகளை ஊன்றிக் கடலைப் பார்த்தார்கள். சாலையில் போன டவுன் பஸ் முழுக்க இரண்டு பின்புறங்களைப் பார்த்துக்கொண்டே போனது. கடலில் ஆவுளியா தவிர எல்லாம் வந்தன. பூநாரைகள் வரிசையாகப் பறந்து போயின. ஆமைத் தலை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு முங்கியது. "அதெல்லாம் வேணாம்," என்றார் அப்துல் ஹமீது.

மதியம் ஆண்கள் ஒரு சஹன் தட்டிலும் பெண்கள் ஒரு சஹன் தட்டிலும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்துல் ஹமீது வாய்க்குக் கொண்டுபோன கறித்துண்டைச் செம்பருந்து ஒன்று கையிலிருந்தே கொத்திக்கொண்டு போனது. அவர் கேமராவைத் தூக்குவதற்குள் அது தின்றே முடித்திருக்கும்.

"மாப்ள, இந்தப் பக்கம் பருந்துக்கு ஆள் பேதம் கெடையாது," என்று ஹாஜா முகைதீன் சமாதானம் சொன்னார். ஆனாலும் அவர் முகம் வாடியிருந்தது. சாயங்கால ரயிலுக்குள் ஆவுளியா வராவிட்டால், இனி சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் சோறு தின்றாலும் மாப்பிள்ளை இந்தப் பேச்சை எடுத்துவிடுவார்.

சுலைகா எழுந்து தேக்சாவைத் தூக்கினாள். "கழுவிட்டு வாரேன்."

"இங்கன பாத்திரம் கழுவக் கூடாது. பலகையில போட்டிருக்குல்ல?"

"பலக எதுவரைக்கும்?"

தலைவர் யோசித்தார். "பாறை வரைக்கும்."

"அப்ப நான் பாறைக்கு அந்தப் பக்கம் போறேன். ஜுனைதா, நீயும் வா புள்ள, ஒரு கை பிடி."

பாறைக்கு அந்தப் பக்கம் சட்டம் முடிந்து கடல் தொடங்கியது. சுலைகா தேக்சாவைக் கரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பர்தாவோடு நடந்துபோய் இடுப்பளவு தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தாள். பர்தா காற்றுப் பிடித்துக் குடை மாதிரி உப்பியது.

"அய்யோ மச்சி! காக்கா பாத்தா?" என்று அண்ணனை நினைத்துப் பதறினாள் ஜுனைதா.

"ஒங்க காக்கா கடலப் பாக்கத்தான் வந்திருக்காரு. கடல்ல யாரு இருக்கான்னு பாக்க மாட்டாரு. வா."

ஜுனைதாவும் வந்து உட்கார்ந்தாள். சின்ன மீன்கள் கால்விரலைக் கடித்துப் பார்த்தன. ஒவ்வொரு அலையும் சுலைகாவைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்தது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் பத்தடி தள்ளி, தண்ணீரில் ஏதோ புஸ்ஸென்று மூச்சு விட்டது. சாம்பல் நிறத்தில் கன்றுக்குட்டித் தலை. தொங்கிய மேலுதடு, அதில் முள்முள்ளாக மீசை, தூக்கம் கலையாத சின்னக் கண். வாயோரம் ஒரு புல். மென்றுகொண்டே இருவரையும் பார்த்தது.

"மச்சி," என்றாள் ஜுனைதா மெதுவாக, "இது காக்கா மாதிரியே இல்ல?"

"அவரு இம்புட்டு நேரம் பேசாம இருக்க மாட்டாரு."

அது இன்னொரு மூச்சு விட்டுவிட்டு முங்கியது. இருவரும் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பியபோது கரையில் தேக்சா இல்லை. ஏறிய தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றிப் போய்விட்டிருந்தது.

பெஞ்சில் ஒரே அமளி.

"மாப்ள! அங்கன பாரு, கறுப்பா!"

பாதி தண்ணீர் ரொம்பி, ஒருக்களித்து, கறுத்த முதுகைக் காட்டிக்கொண்டு அது மெல்ல எழுந்து மெல்ல அமிழ்ந்தது. அப்துல் ஹமீது மூச்சுவிடாமல் கேமராவில் சுட்டுத் தள்ளினார்.

"எருமண்ணே," என்றான் மருதுபாண்டி.

"ஏலே, கடல்ல எப்பிடிலே எரும வரும்?"

"தப்பி வந்திருக்கும்ணே. எங்க திருவாடானைப் பக்கம் கம்மாயில இப்பிடித்தான் கெடக்கும்."

அதன் வாயில் தண்ணீர் புகுந்து குபுகுபுவென்றது. "மூச்சு விடுது மச்சான், மூச்சு விடுது!" என்ற அப்துல் ஹமீதுக்குக் கண் கலங்கிவிட்டது. வளர்ந்த ஆண் என்றும் அவர் தீர்மானித்தார். எதை வைத்து என்று யாரும் கேட்கவில்லை.

படம் கேமராவிலிருந்து போனுக்கு மாறி, உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. மாஷா அல்லாஹ்கள் வந்து குவிந்தன. துபாயிலிருந்து சுலைகாவின் மகன் சஃபீர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டிருந்தான்: "வாப்பா, அது காதுல என்ன வளையம்?"

"மண்டபம் ஊர்ல கடல் ஆராய்ச்சிக்காரங்க மாட்டிவிட்டிருப்பாங்க," என்றார் அப்துல் ஹமீது. தலைவர் அதை அப்படியே பதிலாகப் போட்டார்.

சொட்டச் சொட்ட வந்து நின்ற மனைவியை அவர் கவனிக்கவே இல்லை. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"அது நம்ம தேக்சா."

"எது?"

"ஒங்க வளந்த ஆணு. சஃபீர் சுன்னத்துக்கு ஆக்குனப்ப கீழ விழுந்த நசுங்கல் தெரியுது பாருங்க."

அவர் பார்த்தார். நெற்றி வேர்த்தது. "மாப்ளகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஜுனைதா?"

"நான் சொன்னாச் சொல்லுவா. ஆனா மெய்யாவே ஒண்ணு வந்துச்சுங்க. எங்க பக்கத்துலயே புல்லத் தின்னுக்கிட்டு நின்னுச்சு."

"போட்டோ இருக்கா?"

"இல்ல."

"அப்ப வந்ததா ஆகாது," என்றார் தலைவர். பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "இப்ப ஒனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

"வெள்ளிக்கெழம அசர் தொழுகைக்குப் பெறகு நான் இங்கன வருவேன். தண்ணியில உக்காருவேன். வாராவாரம். தலைவரு வாயத் தொறக்கக் கூடாது."

பெஞ்சுப் பக்கமிருந்து அப்துல் ஹமீது கூப்பிட்டார். "மச்சான்! இந்தப் படத்த ஃபிரேம் போட்டு ஒங்களுக்கு அனுப்பிவிடுறேன்!"

"சரி," என்றார் ஹாஜா முகைதீன், இருவருக்கும் சேர்த்து. பிறகு கடலைப் பார்த்தார். "தேக்சா?"

"மேயட்டும்."

அப்துல் ஹமீது பரம திருப்தியோடு ரயிலேறினார். ஃபிரேம் போட்ட படம் ஹாஜா முகைதீன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் வியக்கிறார்கள். புதுத் தேக்சா வாங்கியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் சுலைகா கடலில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் வாரம் தலைவர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். வேற்றாள் யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள சாலையைக் கவனிக்க வேண்டும். அதற்கு அந்த பெஞ்சைப் போல வசதியான பெஞ்சு மாவட்டத்திலேயே கிடையாது என்று அப்போதுதான் கண்டுபிடித்தார். இப்போது பிளாஸ்கில் தேநீரும் முறுக்குமாக வந்துவிடுகிறார். தன் பெயரின் மேல் சாய்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, காலாட்டிக்கொண்டு காவல் இருக்கிறார்.

போன வாரம் அவருக்குப் பின்னால், கடலில், புஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சுலைகாதான் சுகமாக இருக்கிறாள் போல என்று நினைத்து, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.