பின்னட்டைக்கு ஆள் தேவை

அந்தப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் பின்னட்டையக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. முன்னட்டைக்குப் படம் போட ஓவியர்கள் வருவார்கள், போவார்கள். உள்ளே இருக்கும் கதைக்கு எழுதியவர் பொறுப்பு. புத்தகத்தைத் திருப்பினால் பார்கோடு கட்டத்துக்கு மேலே இருக்குமே ஒரு பத்தி, அதற்கு மட்டும் காலங்காலமாக அக்காதான். 'மனதை உலுக்கும்', 'கீழே வைக்க விடாத', 'உங்களில் ஒருவரின் கதை' எல்லாம் அவள் கைவண்ணம். எவர் மனதையும் உலுக்காத நாவல்களுக்கும், கீழே வைத்தால் எங்கே வைத்தோம் என்றே மறந்துபோகிற நாவல்களுக்கும் கூசாமல் அதையே எழுதியிருக்கிறாள். பிழைப்பு அப்படி.

இப்போது அலுத்துவிட்டது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. ஒரு புது நாவலின் கட்டு மேஜைக்கு வந்தாலே தோள்பட்டை வலித்தது. 'நெகிழ்ச்சி' என்று எழுதப் போனால், வேண்டாதவர் வீட்டுப் படியேறுகிற மாதிரி கை பின்வாங்கியது.

"தம்பி, இனிமே என்னால ஆகாது. இதுக்குன்னு ஒரு ஆளைப் போட்டுடுங்க" என்று முதலாளியிடம் சொன்னாள். முதலாளியை அவர் அப்பா காலத்திலிருந்தே தெரியும் என்பதால் அவர் அவளுக்குத் தம்பி, அவள் அவருக்கு அக்கா.

"என்னக்கா திடீர்னு? உங்க நாவல் வர்ற நேரத்துல?"

அங்கேதான் இருந்தது விஷயம். அவள் பல வருடமாக எழுதிய ஒரே நாவல் இந்த முறை வெளியீட்டுப் பட்டியலில் இருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைக் கல்யாணம் காட்சி இல்லாமல் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஒரு மகளின் கதை. ஊர் பேர் மாற்றினாலும் அது அவள் கதைதான் என்று குடும்பத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். உள்பக்கங்கள் தயார், முன்னட்டை தயார். ஊரார் நாவலுக்கெல்லாம் அரைமணியில் எழுதித் தள்ளியவளுக்குத் தன் நாவலின் பின்னட்டைக்கு ஒரு வரி வரவில்லை. எழுதுவாள், படிப்பாள், கிழிப்பாள். எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனாலும் யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. தன் நாவல் உருப்படியா, வெறும் புலம்பலா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. அந்தச் சந்தேகத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"வர்றவங்களுக்குப் பரீட்சையா என் நாவலையே கொடுத்துடறேன்" என்றாள். "பேர் போட்ட பக்கத்தை எடுத்துட்டு."

"அதுவும் சரிதான். நமக்கும் அட்டை ரெடியாயிடும்" என்றார் முதலாளி. "ஆனா சீக்கிரம்கா. அச்சகத்துல கழுத்துல கத்தி வெக்கறான். இந்தத் தடவை விட்டுட்டா அடுத்த வருஷம் கடையே இருக்குமோ என்னமோ, எனக்கே நிச்சயமில்ல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மூன்று பேர் வந்தார்கள். முதலில் ஒரு பேராசிரியர். பின்னட்டைக்கு ஒரு பத்தி கேட்டால் அடிக்குறிப்போடு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். புத்தகத்தை விடப் பின்னட்டை பெரிதாகிவிடும்போல் இருந்தது. காப்பி கொடுத்து, கும்பிடு போட்டு அனுப்பிவைத்தாள்.

அடுத்து வந்த பெண் படு கெட்டிக்காரி. நாவலை வாங்கிப்போன மறுநாளே வந்து நின்றாள். "அப்பாவுக்காகத் தன் இளமையை உருக்கிக் கொடுத்தாள் ஒரு மகள். புகாரறியாத உதடுகள். நாலு சுவருக்குள் ஒரு மௌனத் தவம். கீழே வைக்க விடாத இந்த நாவலை முடிக்கும்போது, உங்கள் தந்தையின் கையைப் பற்றிக்கொள்ளத் தோன்றும்."

"முழுசாப் படிச்சியாம்மா?"

"மேலோட்டமா ஒரு பார்வை பாத்தேன் மேடம். ஆனா உங்க பழைய அட்டை எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன்" என்றாள் அவள், கொஞ்சமும் ஒளிக்காமல்.

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் பழைய புடவையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு தன்னையே நலம் விசாரிக்க வந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். முதலாளி துள்ளிக் குதித்தார். "இதேதான் அக்கா! கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடலாம்."

சாயங்காலம் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கீழ்வீட்டில் அண்ணன் குடும்பம், மாடி அறையில் அவள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்ததும் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "உன்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்காளே! நாங்க எல்லாம் வேலை வேலைன்னு ஓடிட்டோம். நீதான் உக்காந்த."

"பாவம், இவ பட்ட பாடு எனக்கில்ல தெரியும்" என்றாள் அண்ணி.

அந்தப் 'பாவம்' அக்காவுக்குப் புதிதல்ல. அப்பா படுத்த நாளிலிருந்து உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அவளை அந்த ஒரு சொல்லால்தான் வரவேற்றார்கள், வழியனுப்பினார்கள். வீட்டில் அவள் பேச்சுக்கு மரியாதை வந்ததும் அதனால்தான். சொத்துப் பேச்சில் மாடி அறையை யாரும் முணுமுணுக்காமல் அவளுக்கு விட்டுக்கொடுத்ததும் அதனால்தான். நாவல் வெளிவந்தால் அது அச்சிலும் ஏறிவிடும். அதற்குத்தானே எழுதினோம் என்று கேட்டுக்கொண்டாள். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் காலை அட்டையை அச்சுக்கு அனுப்பவேண்டும். அப்போது பார்த்துத்தான், நாவலை வாங்கிப்போயிருந்த மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தார். விற்பனைக்கு வரும் வீடுகளுக்குப் பத்திரிகை விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். அந்தத் தொழில் படுத்துவிட்டதால் இந்தப் பக்கம் வந்திருந்தார். இருட்டு வீட்டைக் 'குளுகுளு வீடு' என்றும், பக்கத்திலேயே ரயில் தடதடக்கும் வீட்டைப் 'போக்குவரத்து வசதி மிக்கது' என்றும் எழுதிய மனிதர். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்?

கட்டைத் தொப்பென்று மேஜைமேல் வைத்தார். "மேடம், இதுல பக்கம் குறையுது."

"குறையாதே. நானே சரிபாத்துத்தான் கொடுத்தேன்."

"எண்ணெல்லாம் சரியா ஓடுது. விஷயம்தான் குறையுது. ஜெராக்ஸ் கடையில விட்டானா, இல்ல டைப் அடிக்கறப்பவே போச்சான்னு தெரியல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வியாழக்கிழமை சாயங்காலம் ஆனா அண்ணி வந்து அப்பாகிட்ட உக்காந்துக்கறாங்க. இந்தப் பொண்ணு பையைத் தூக்கிக்கிட்டு மருந்து வாங்கக் கெளம்பறா. அடுத்த வரியில வீட்டுக்கு வந்துடறா. ஒரு தடவைன்னா பரவால்ல. புத்தகம் பூரா இதே கதைதான். நடுவுல எங்க போறா?"

"மருந்துக் கடைக்குத்தான்."

"மருந்துக் கடைக்குப் போனவளுக்குத் தலை ஏன் மேடம் ஈரமா இருக்கு?"

அக்கா பேனா மூடியைத் திருகினாள். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

எல்லாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். முதலில் எழுதியபோது அந்தப் பக்கங்கள் இருந்தன. பொது நீச்சல் குளத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கான நேரம். அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில்தான் அவள் நீச்சல் கற்றாள். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதறினாள், மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள், ஒருநாள் கம்பியை விட்டாள். மல்லாந்து மிதந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாத்திரை வேளை, படுக்கைப் புண், மருந்துச் செலவு ஒன்றுமே நினைவுக்கு வராது. அங்கே வருகிறவர்களுக்கு அவள் பாவம் என்பது தெரியாது. கரையேறி உட்கார்ந்து அவர்களோடு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அதைத்தான் வெட்டினாள். அப்பன் படுக்கையில் கிடக்க மகள் கும்மாளம் போட்டாளா என்று நாளைக்கு ஒருத்தர் கேட்டால்? அண்ணன் முகத்தில் விழிக்க முடியுமா? அப்பாவுக்குத் தெரியாமல் போய்வந்தோம் என்ற உறுத்தல் வேறு அவளுக்குள் முள்ளாக இருந்தது. ஈரத்தலை மட்டும் தப்பிவிட்டது. அதை எடுத்தால் அப்பா கேட்கும் ஒரு கேள்வியையும் சேர்த்து எடுக்கவேண்டும். அப்பா பேசிய சொற்களே நாவலில் கொஞ்சம்தான். அதற்கு மனசு வரவில்லை.

வீட்டு விளம்பரக்காரர் விடுகிற மாதிரி இல்லை. "அது போகட்டும். எழுதினவர் கோட்டை விட்ட இடம் இன்னொண்ணு இருக்கு. இவ ஈரத்தலையோட உள்ள வந்ததும் அப்பா, 'வெளிய மழையாம்மா?'ங்கறார். இவ, 'ஆமாப்பா'ங்கறா. ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே கேள்வி, இதே பதில்."

"அதுல என்ன சார் தப்பு?"

"கட்டில் எங்க கெடக்கு மேடம்? ஜன்னலை ஒட்டி! தெருவுல போறவங்க வர்றவங்களைப் படுத்தபடியே பாத்து அவர் கிண்டல் அடிக்கறதா மூணாவது அத்தியாயத்துல வருது. எதிர்வீட்டுக் கொடியில துணி காயுது, வெயில் கண்ணைக் கூசுதுன்னு, மழையான்னு கேக்கற பக்கத்துலயே இருக்கு. ஜன்னலோரமா படுத்திருக்கற மனுஷன் மழையான்னு கேப்பாரா? வீட்டு விளம்பரம் எழுதறவன் நான். ஜன்னல் எந்தப் பக்கம்னு பாக்காம ஒரு வரி எழுத மாட்டேன்." தாளைப் புரட்டி விரலை வைத்தார். "அதுலயும், 'அடுப்படியில் இருந்த அண்ணிக்கே கேட்கும்படி அப்பா சத்தமாகக் கேட்டார்'னு வேற எழுதியிருக்கு. எதுக்கு அவ்வளவு சத்தம்? மக பக்கத்துலதானே நிக்கறா?"

அக்கா அந்த வரியைப் பார்த்தாள். அவளே எழுதிய வரி. காது மந்தமாகிவிட்டவர்கள் கத்தித்தான் பேசுவார்கள் என்று நினைத்து எழுதியது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டது அவளும் அண்ணனும்தான், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று. அடுப்படி வீட்டின் பின்பக்கம். அங்கிருந்து தெரு தெரியாது. அண்ணி ஈரத்தலையைப் பார்த்து ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை. அதற்குள் அப்பா கேட்டுவிடுவார், அவளும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள்.

இத்தனை வருடம் சுமந்த முள் ஒரு நொடியில் வேறெதுவோ ஆகிவிட்டது. அதைச் சந்தோஷம் என்று சொல்வதா, துக்கம் என்று சொல்வதா, அவளுக்குப் பிடிபடவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

"அனுப்பிட்டீங்களாக்கா?"

"இல்ல தம்பி. என் நாவலை இந்தத் தடவை எடுத்துடுங்க. இன்னும் கொஞ்சம் எழுதணும்."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "என்னக்கா வெளையாடறீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன்ல, அடுத்த வருஷத்துக்கு நான் பொறுப்பில்லன்னு?"

"சொன்னீங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"எல்லாருக்கும் புடிச்சிருந்துதே. உங்க அண்ணன்கூட அழுதாருன்னீங்களே?"

"அதான் தம்பி" என்றாள். அதற்குமேல் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. "அந்தப் பொண்ணை விளம்பரப் பிரிவுல போட்டுக்குங்க, கெட்டிக்காரி. பின்னட்டைக்கு, வெளிய உக்காந்திருக்காரே வீட்டு விளம்பரக்காரர், அவரே இருக்கட்டும்."

திரும்பி வந்தபோது வீட்டு விளம்பரக்காரர் கட்டை மறுபடி நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தனக்கு வேலை இல்லை என்று முடிவே செய்துவிட்ட முகம்.

"திங்கக்கிழமைலேருந்து வந்துடுங்க சார்."

"நெஜமாவா மேடம்? நான் ஒரு வரிகூட எழுதலையே?"

"பரவால்ல. விட்டுப்போன பக்கம் வரட்டும். அப்புறம் எழுதுங்க."

அவர் முகம் மலர்ந்தது. வாசல்வரை போனவர், வேலை கிடைத்த உற்சாகத்தில் திரும்பி நின்றார். "எழுதினவர்கிட்ட அந்த ஜன்னல் விஷயத்தை மறக்காம சொல்லிடுங்க மேடம். படிக்கறவங்க பிடிச்சுக்குவாங்க. ஒண்ணு கட்டிலை மாத்தணும், இல்ல கேள்வியை எடுக்கணும்."

"எதையும் எடுக்க வேண்டாம் சார். மழை இல்லேன்னு அவருக்குத் தெரியும்."

"யாருக்கு, எழுதினவருக்கா?"

"இல்ல" என்றாள் அக்கா. "எங்க அப்பாவுக்கு."