கழித்த ஒரு டன்

இரண்டு விடைத்தாள்களையும் பிரிசில்லா டீச்சர் அருகருகே வைத்துப் பார்த்தார். கேள்வி எளிது. லாரியில் 20 டன் கரும்பு வருகிறது. எடையில் 10 விழுக்காடு சர்க்கரை கிடைக்கும். அதை இரண்டு கிடங்குகளுக்கு 3:2 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். விடை 1,200 கிலோ, 800 கிலோ. இந்த இருவர் மட்டும் 1,140, 760 என்று எழுதியிருந்தார்கள். இருவருக்கும் முதல் வரி 20 − 1 = 19. அந்த ஒரு டன்னைப் பற்றிக் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை.

சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். தவறு அப்படி இருக்காது.

ஒரு தாள் பாலகுமாருடையது. எப்போதும் முதல் மார்க். இன்னொன்று தமிழ்ச்செல்வியுடையது. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கடலூருக்கு வருகிறவள், இந்த ஆண்டுதான் சேர்ந்தாள். வகுப்பில் நடைவழிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். வந்ததிலிருந்தே அவள் மார்க் அவனுடையதை ஒட்டியே இருப்பது இப்போது உறுத்தியது. சிதம்பரத்தில் நடக்கும் கணிதப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். இந்தத் தேர்வை வைத்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

மதியம் ஆசிரியர் அறைக்கு முதலில் அவளைக் கூப்பிட்டார்.

"பாத்து எழுதுனியா?"

"இல்ல மிஸ்."

"அப்ப ஒரு டன் கரும்பு எங்க? வழியில நீ தின்னுட்டியா?"

"சோகை மிஸ்."

"என்னது?"

"கரும்போட காஞ்ச எல ஒட்டிக்கினே வரும்ல மிஸ். நூத்துக்கு அஞ்சு அதுலயே போயிடும். எங்கப்பா ஆலைக்குக் கரும்பு ஏத்துறப்ப அதக் கழிச்சிட்டுத்தான் எப்பவும் கணக்குப் போடுவாரு."

நூற்றுக்கு ஐந்து என்றால் இருபதுக்கு ஒன்று. டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். முன்கூட்டியே யோசித்து வைத்த பொய்யாக இருக்குமோ? அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பாலகுமாரை அழைத்தார்.

"இந்த ஒன்ன எதுக்குடா கழிச்ச?"

"அது ஒரு ஸ்டெப் மிஸ்."

"என்ன ஸ்டெப்?"

பாலகுமார் தாளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அவ எழுதுனா கரெக்டா இருக்கும்னு நெனச்சேன் மிஸ்."

போன மாதத் தேர்வு நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தையதும். அவற்றில் எந்த வரி இவனுடையது? இதுவரை ஒரு பக்கமாகவே சந்தேகப்பட்டுவிட்டோம் என்று நினைத்தார். அவனை அனுப்பிவிட்டுத் தமிழ்ச்செல்வியை உள்ளே கூப்பிட்டார்.

"சிதம்பரத்துக்கு நீதான் போற. ஆனா கேள்வியில இல்லாத சோகைய நீயாக் கழிக்கக் கூடாது. புரியுதா?"

"சரி மிஸ்."

வாசல்வரை போனவள் நின்று, அவரையே சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சோகையோடவா மிஸ் சர்க்கரை எடுப்பாங்க?"