கழலாத மோதிரம்

"இழுக்காத, இழுக்காத! எலும்போட வந்துரும்!" என்று நடீன் கத்தினாள்.

வெர்னன் சட்டென்று கையை விட்டான். சமையலறைத் தொட்டி முழுக்கப் பாத்திரம் கழுவுகிற சோப்பின் நுரை. அதற்கு நடுவே மனைவியின் இடது கை. மோதிர விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. இன்றைக்குள் மோதிரத்தைக் கழற்றாவிட்டால் விரல் போய்விடும் என்று காலையில்தான் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"குவாரியில கட்டர் இருக்கு நடீன். ஒரு நிமிஷ வேலை."

"இருபத்தொம்பது வருஷமாப் போட்டிருக்கேன். அத வெட்டுன, உன்ன வெட்டுவேன்."

"அந்தக் கையாலயா? முதல்ல கத்தியப் பிடி பாப்போம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவன் மீன் பிடிக்கிற நரம்பை எடுத்து வந்தான். விரலைச் சுற்றி நெருக்கமாகக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மோதிரத்தை மேலே நகர்த்தினான். அரை மணி நேரம் ஆயிற்று. கழன்றபோது அவள் அழுதாள். வலியிலா வேறெதிலா என்று அவன் கேட்கவில்லை. மோதிரத்தைத் துடைத்து, காலியான பேக்கிங் பவுடர் டப்பாவில் போட்டு மூடினான்.

நடீனுக்கு மூட்டுவாதம் வந்து பதினோரு வருஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டால் அவளும் மற்றவர்களைப் போல நடமாடுவாள். அந்த ஊசியின் தயவில்தான் ஞாயிறுதோறும் சர்ச்சில் பியானோ வாசித்தாள். கென்டக்கியின் அந்தச் சின்ன ஊரில் அவள் வாசித்துக் கல்யாணம் ஆகாதவர்கள் குறைவு, அவள் வாசித்துப் புதைக்கப்படாதவர்களும் குறைவு.

ஜனவரியில் வெர்னன் வேலை பார்த்த கல்குவாரி கை மாறியது. புது முதலாளி, புது இன்சூரன்ஸ். அவர்களுடைய மருந்துப் பட்டியலில் அந்த ஊசி இல்லை. போன் செய்தால் ஒரு பெண் உற்சாகமாகப் பேசினாள்.

"முதல்ல பழைய மாத்திரைய ஆறு மாசம் சாப்பிடணும் மேடம். அது வேலை செய்யலன்னா ஊசியப் பத்தி யோசிப்போம்."

"அதெல்லாம் ஒம்பது வருஷத்துக்கு முன்னாடியே சாப்பிட்டுப் பாத்தாச்சும்மா. ஒண்ணும் கேக்கல."

"அது வேற கம்பெனியில இருந்தப்போ மேடம். எங்ககிட்ட இருக்கும்போது கேக்காமப் போகணும்."

அதாவது, அவள் இவர்களிடம் புதிதாக ஒரு தரம் முடமாகிக் காட்ட வேண்டும். நடீன் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் மாதத்திலேயே மோதிரம் விரலை அறுக்க ஆரம்பித்துவிட்டது.

வெர்னனின் அக்கா ஆல்மா சும்மா இருக்கிறவள் இல்லை. சர்ச்சில் காசு திரட்ட ஸ்பகெட்டி விருந்து வைத்தாள். பெட்ரோல் பங்கில் நடீனின் படம் ஒட்டிய ஊறுகாய் ஜாடியைக் காசு போட வைத்தாள். அந்த ஊரில் யாருக்குப் பெரிய நோய் வந்தாலும் அதுதான் வழக்கம். போன வருஷம் அதே இடத்தில் வேறொருவர் ஜாடி இருந்தது. ஊரே வந்து சாப்பிட்டது, ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர். ஒரே ஒரு ஊசியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவ அட்டைக்கு மனுப் போட இரண்டு பேரும் கவுண்டி அலுவலகத்துக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி போட்ட பெண் கணினியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"மருந்து எங்க பட்டியல்ல இருக்கு. ஆனா உங்க வீட்டுக்காரர் சம்பளம் வரம்பத் தாண்டுதுங்க."

"நான் வேலைய விட்டுட்டா?" என்றான் வெர்னன்.

"விட்டுட்டு? எதத் திங்கறது, அந்த அட்டையவா?" என்றாள் நடீன்.

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் யோசனை சொல்லக் கூடாதுங்க. இங்க வர்றவங்க சில பேரு தனி ஆளா வர்றாங்க. தனி ஆளுன்னா அவங்க சம்பளம் மட்டும்தான் கணக்கு. அவ்வளவுதான் சொன்னேன். நான் எதுவும் சொல்லல."

திரும்பி வரும்போது வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"செத்துப் போனாத்தான் தனி ஆளுன்னு நெனச்சேன்" என்றாள் நடீன்.

விவாகரத்துக்கு முன் அறுபது நாள் கணவன் மனைவியாக வாழக் கூடாது என்பது சட்டம். ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம், ஒரே படுக்கையில் கூடாது. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வெர்னன் தலையணையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போனான்.

"பைத்தியமா உனக்கு? யாரு வந்து எண்ணப் போறா?"

"கோர்ட்டுல பொய் சொல்லப் போறேன். பாதியாவது உண்மையா இருக்கட்டும்."

ஆறடி மனிதன் ஐந்தடி சோபாவில் அறுபது நாள் படுத்தான். தினமும் காலையில் எழுந்து அவளுக்கு முடி சீவிவிட்டான், பட்டன் போட்டுவிட்டான். அதைச் சட்டம் தடுக்கவில்லை.

கோர்ட்டில் வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். நடீன் தூக்கினாள். விரல்கள் மடங்கியே நின்றன.

"கையை விரிங்கம்மா" என்றார் நீதிபதி.

"இதுக்கு மேல விரியாதுங்கய்யா."

நீதிபதி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார். "இந்தக் கல்யாணம் இனி ஒட்டவே ஒட்டாதா?"

"ஒட்டாதுங்க" என்றாள் நடீன்.

"நீங்க?"

வெர்னன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "ஒட்டாதுங்க" என்றான். அவன் பொய் சொல்லி நடீன் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னான்.

வெளியே வந்து, வழக்கம்போல அவளுக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். படியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த காவலர் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அட்டை வந்தது. ஊசியும் வந்தது. ஆறு வாரத்தில் நடீன் தானே பட்டன் போட்டாள். எட்டாவது வாரம் தானே மாவு பிசைந்து ஆப்பிள் பை சுட்டாள். அதைச் சாப்பிட பாஸ்டர் ஹாலிஸ் வந்தார், கூடவே ஆல்மாவும். பாஸ்டர் இரண்டு துண்டு சாப்பிட்டார். தொண்டையைக் கனைத்தார்.

"காரணம் எல்லாருக்கும் தெரியும் நடீன். நானே உன் மருந்துக்காக முழங்கால்ல நின்னு ஜெபிச்சிருக்கேன். ஆனா விவாகரத்து ஆனவங்க மேடையில சேவை செய்யறதில்லன்னு நம்ம சர்ச்சுல ஒரு விதி இருக்கு. ஊருக்கு ஒண்ணு உனக்கு ஒண்ணுன்னு வெக்க முடியாதில்ல?"

நடீன் தன் விரல்களைப் பார்த்தாள். நீட்டினாள், மடக்கினாள்.

"அப்ப நானு?" என்றான் வெர்னன். "நானும்தானே விவாகரத்து ஆனவன்? காணிக்கைத் தட்ட எடுத்துக்கிட்டு ஊர் நடுவுல நடக்கறேனே?"

"அது கீழ நடக்கறது. மேடை இல்லையே" என்றார் பாஸ்டர்.

"ஆம்பளைங்க விஷயம் வேற, வெர்னன்" என்றாள் ஆல்மா. "இதையும் சொல்லிடறேன். புருஷன் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு அதே வீட்டுல இருந்தா, பாக்கறவங்க என்ன பேசுவாங்க? உனக்காக ஜாடியில காசு போட்டவங்கதான் கேக்கறாங்க நடீன்."

"அண்ணி, ஆப்பிள் பை இன்னொரு துண்டு வெக்கட்டுமா?" என்றாள் நடீன்.

ஆல்மா வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு முதல் வெர்னன் தட்டு எடுக்கவில்லை. இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பியானோவுக்கு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். பாவம், இரண்டு பாட்டுதான் தெரியும். அதிலும் இடது கை தடுமாறும். பாட்டு தடுமாறும்போதெல்லாம் நடீனின் விரல்கள் மடியில் இருந்த கைப்பையின் மேல் சரியான கட்டைகளைத் தேடின. வெர்னன் தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கீழே வைத்து, அவள் கைக்கு இடம் விட்டான்.

ஒரு வருஷம் ஓடியது. கவுண்டி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வருஷா வருஷம் வரும் மறுபரிசீலனை, திங்கட்கிழமை நேரில் வர வேண்டும்.

அதற்கு முந்தின நாள் காலை, சர்ச்சுக்குக் கிளம்புமுன் நடீன் பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்தாள். மோதிரம் விரலில் அலுங்காமல் போய் உட்கார்ந்தது. வெர்னன் பார்த்தான். சோபாவில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

சர்ச் வாசலில் ஆல்மாவின் கண் நேராக அந்த விரலுக்குப் போனது.

"அதப் போட உனக்கு இப்ப உரிமை கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி" என்றாள் நடீன். கையை மறைக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இடது கையிலேயே பிடித்துக்கொண்டு ஆராதனை முடியும்வரை நின்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தின் வாசலில் வெர்னன் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. அவன் கூட வரக் கூடாது. உள்ளே அதே கண்ணாடிப் பெண் இருப்பாள், கல்யாணம் ஆனவளா, தனி ஆளா என்ற அதே கேள்வி இருக்கும். இந்த வருஷம், அடுத்த வருஷம், ஊசி தேவைப்படுகிற வருஷமெல்லாம். எந்த வருஷமாவது இவள் வெர்னனின் மனைவி என்று பதில் சொன்னால், அந்த மாதமே ஊசி நின்று கை மூடிக்கொள்ளும்.

"நேரமாச்சு" என்றான் வெர்னன்.

நடீன் மோதிரத்தைத் தொட்டாள். சோப்பு தேவைப்படவில்லை. நரம்பு தேவைப்படவில்லை. இரண்டு விரலால் பிடித்ததுமே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

மருந்து நன்றாக வேலை செய்கிறது.

அவன் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு, வண்டிக் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கிப் போனாள்.