முழங்கை இல்லாமல் ஒரு வாய்

கரண்டி அப்பாவின் மோவாய்க்கு ஒரு சாண் கீழே வந்து ஆடியது. காபி போர்வையில் கொட்டியது. மகள் பாய்ந்து இயந்திரக் கையை நிறுத்தினாள்.

"முப்பது வருஷம் கிரேன் ஓட்டினேன். நீ ஓட்டற லட்சணத்தைப் பாரு," என்றார் அப்பா. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"கொஞ்சம் இருங்கப்பா. முழங்கை மோட்டார் காலைல போயிடுச்சு. மத்ததை வச்சுச் சமாளிக்கப் பாக்கறேன்."

கைகள் இரண்டும் விழுந்த பிறகு, யார் ஊட்டினாலும் வாய் திறக்காத மனுஷர். அவருக்காகவே இந்த இயந்திரக் கையைச் செய்து கட்டிலோரம் பொருத்தியிருந்தாள். கன்னத்தால் பொத்தானை அழுத்தினால் கரண்டி வரும். புது மோட்டார் நாளைதான் வரும். டாக்டரோ, இன்று தாண்டாது என்று வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தம்பி கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். "நான் ஊட்டறேன்க்கா. காலைலேர்ந்து ஒண்ணும் இறங்கல. இந்த நேரத்துல என்ன வீம்பு?"

"வீம்பு என்னோடதா? அவரைக் கேளு."

அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அவள் லேப்டாப்பில் கணக்கைத் திரும்பப் பார்த்தாள். எங்கே தப்பு? முழங்கை அசையவே அசையாது என்று கணக்குப் போட்டிருந்தாள். அதுவோ துவண்டு கிடந்தது; பாரம் ஏறியதும் மடங்கியது. பிரேக்கைப் போட்டு அதை விறைப்பாக நிறுத்தினாள். அதன் வேலையைத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பிரித்துக் கொடுத்தாள்.

"இப்ப அழுத்துங்கப்பா."

கன்னம் அசைந்தது. தோள் முக்கி முனகி எழுந்தது. கை ஊரைச் சுற்றிக்கொண்டு வாய்க்கு வந்தது.

"மாவுக்கட்டு போட்ட கை மாதிரியே வருது!" தம்பி சிரித்துவிட்டான்.

உறிஞ்சும் சத்தம்.

"சர்க்கரை கம்மி," என்றார் அப்பா. கன்னம் மறுபடி பொத்தானைத் தொட்டது.

எல்லாப் பாரமும் இப்போது தோள்மீது. அது சூடேறுவதைத் திரையில் பார்த்தாள். ஐம்பது. ஐம்பத்து நாலு. அறுபதைத் தாண்டினால் அதுவும் போய்விடும். ஐம்பத்தேழில் எண் நின்றது.

"தாங்குதுப்பா," என்றாள், கண்ணெடுக்காமல். "தாங்குது!"

"அக்கா."

"இரு, இன்னும் ரெண்டு கரண்டி..."

"அக்கா. நிறுத்திடு."

அவள் திரும்பினாள். கரண்டி நிறைந்தபடியே அப்பாவின் உதட்டருகே நின்றது.

சற்று நேரத்தில், அடுத்த அறையில் தம்பி போனில் யாருக்கோ சொல்லத் தொடங்கினான். அவள் தோள் மோட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை.