ஆறுமுகத்தாய் அழவில்லை

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் எங்கள் சபையின் பெண்கள் சங்கம் ஆண்டுதோறும் அன்னையர் ஞாயிறுக்கு ஒரு மலர் போடும். நான் செம்பூரில் குடியிருந்தாலும் ஆராதனைக்கு அங்கேதான் போகிறேன். தமிழில் கதை எழுதுகிறவள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் சங்கச் செயலாளர் ஹெப்சிபா, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, மலருக்கு ஒரு கதை தாங்க. நம்ம ஆறுமுகத்தாய் கதையவே எழுதுங்க. போன வருசம் நடந்தது எல்லாத்தையும் போடலாம். முடிவு மட்டும் கொஞ்சம்...”

“முடிவுக்கு என்ன?”

“புருசனும் பொஞ்சாதியும் சேந்துட்டாவன்னு முடிச்சிருங்க. சபைக்கு ஒரு சாட்சியா இருக்கும்லா.”

அவர்கள் சேரவில்லை. அது ஹெப்சிபாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “தன்னையே உருக்கி ஒளி தருகிற மெழுகுவர்த்தியைப் போல ஒரு தாய்...”

(இதோடு நிறுத்தினேன். அன்னையர் ஞாயிறு மலர்களில் இதுவரை உருகிய மெழுகு போதும். ஆறுமுகத்தாய் உருகுகிற ஆள் இல்லை.)

இரண்டாவது: “வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆலயத்தின் தகரக் கூரையில்...”

(அன்று மழை இல்லை. மே மாதம். மின்விசிறிக் காற்றே சுட்டது. மழையைக் கொண்டுவந்தால் அடுத்து கண்ணீரும் வந்துவிடும் என்று எனக்கே பயம்.)

மூன்றாவது: “ஆறுமுகத்தாய் பை தைக்கிறாள்.”

இது நிற்கும். இதிலிருந்தே போகிறேன்.

ஆறுமுகத்தாய் பை தைக்கிறாள். கரீம் பாட்சா என்பவரின் கார்கானாவில், அதாவது தையல் பட்டறையில், பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைப்பது அவள் வேலை. கார்கானாவுக்கு மேலே, இரும்பு ஏணி ஏறினால் ஒரு சின்ன அறை. அதில் அவளும் மகள் பெனினாவும் இருக்கிறார்கள். கரீம் பாட்சாவின் மனைவி சாயிரா கொடுத்த மெத்தையில்தான் இருவரும் படுக்கிறார்கள்.

(பெயர் பற்றி: கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தபோது அவளுக்கு மார்த்தா என்று பெயர் வைத்தார்கள். அது சபைப் பதிவில் இருக்கிறது. யார் வாயிலும் இல்லை. கதையில் வேறு பெயர் வைக்கட்டுமா என்று அவளிடமே கேட்டேன். “என்னத்துக்கு? நானா தப்பு செஞ்சேன், பேர மாத்திக்கிட்டு அலைய?” என்றாள். அதனால் மாற்றவில்லை.)

அதற்கு முன் அவள் புருஷன் தங்கையாவோடு இருந்தாள். தங்கையா குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளிலும் சில சமயம் அடிப்பான். அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். (“பொறுத்துக்கொண்டிருந்தாள்” என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. தமிழில் தாயைப் பற்றி எழுதினால் இந்தச் சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.) ஒருநாள் குறுக்கே வந்த பெனினாவின் கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு முறிந்தது. பெனினாவுக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை வரவிருந்தது. ஆஸ்பத்திரியில் மகளுக்கு மாவுக்கட்டு போட்டு முடிந்ததும், ஆறுமுகத்தாய் அவளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கார்கானாவுக்குப் போனாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை.

3

தங்கையாவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கதைக்கு அவன் கெட்டவனாக இருந்தால் வசதி. ஆனால் அவன் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவான். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். மனைவி போன பிறகு குடியை விட்டான் என்கிறார்கள். ஜெபக்கூட்டத்தில் முழங்காலில் நின்று அழுதான். அது நடிப்பு என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. எழுதவும் மாட்டேன். அவன் திருந்தியிருக்கலாம். ஆனால் திருந்தியவனுக்குப் பரிசாக ஒரு பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டளையிலும் நான் படித்ததில்லை.

சங்கம் அப்படி நினைக்கவில்லை. போன வருடம் அன்னையர் ஞாயிறுக்கு “இந்த ஆண்டின் தாய்” என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடிவுசெய்தார்கள். வாலிபர் சங்கத்தில் இருக்கும் பெனினா தன் அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். உடனே சரி என்றார்கள். பெனினாவுக்கே ஆச்சரியம். அவளுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: தாய்க்குச் சால்வை போர்த்தப் போகிறவன் தங்கையா. சபை முன்னால் அவன் சால்வை போர்த்துவான், அவள் தலை குனிவாள், போதகர் இருவர் கையையும் சேர்த்துவைப்பார், பாடகர் குழு பாடும். எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்திருந்தார்கள், ஆறுமுகத்தாயைத் தவிர.

4

நான் ஐந்தாவது பெஞ்சில் இருந்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

பெயரைக் கூப்பிட்டதும் அவள் நீலச் சேலையில் நடந்து போனாள். முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்த ஒரு சிரிப்பு. பீடத்தின் பக்கவாட்டிலிருந்து தங்கையா சால்வையோடு வந்தான். அவள் நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

“இது யார் ஏற்பாடு?” என்று கேட்டாள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது.

போதகர் மெதுவாகச் சொன்னார்: “அம்மா, சகோதரன் மனம் திரும்பி வந்திருக்கார். இன்னைக்கு நல்ல நாள். மன்னிச்சு ஏத்துக்கோங்க.”

“மன்னிச்சாச்சு ஐயா. பிள்ளை கைய முறிச்ச அன்னைக்கே போலீசுக்குப் போயிருக்கணும், போவல. மன்னிக்கிறது வேற, வீட்டுக்குள்ள விடுறது வேற.”

“ஆலயத்துல வச்சு இப்படி...”

“ஆலயத்துல வச்சுத்தான ஐயா கூப்பிட்டிய?”

பாடகர் குழுவில் யாரோ இருமினார்கள். ஹெப்சிபா மைக்கை எடுக்க ஓடினாள். அதற்குள் ஆறுமுகத்தாய் மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“ஏளா பெனினா, இங்க வா. நீதான என் பேரக் குடுத்த? நீயே வந்து போடு.”

பெனினா போனாள். அப்பாவின் கையிலிருந்து சால்வையை வாங்கினாள், பிடுங்கவில்லை, வாங்கினாள். தங்கையாவும் விட்டுக்கொடுத்தான். (அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லது இது. மறைக்காமல் எழுதுகிறேன்.) மகள் தாய்க்குச் சால்வை போர்த்தினாள். ஆறுமுகத்தாய் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். யாராவது கைதட்டுவார்களா என்று பார்த்ததுபோல் இருந்தது. யாரும் தட்டவில்லை. அவள் நிதானமாக நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிரசங்கம் முழுவதையும் கேட்டாள். காணிக்கையும் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வாசலில்தான். ஒரு பெரியவர் பெனினாவை நிறுத்தி, தாயை மட்டும் அல்ல, தகப்பனையும் கனம்பண்ண வேண்டும் என்பதுதான் கட்டளை என்றார்.

பெனினா சொன்னாள்: “தெரியும் அங்கிள். ரெண்டு பேரையும் சொல்லிருக்குன்னா, ஒருத்தர வச்சு இன்னொருத்தர அடக்குறதுக்கா சொல்லிருக்கு? சோடோ நா அங்கிள், விட்டுருங்க, வழி விடுங்க.”

5

(இந்தப் பகுதியைக் கதை மட்டும் போதும் என்கிறவர்கள் தாண்டிவிடலாம்.)

அன்னையர் ஞாயிறில் எங்கள் சபையில் இயேசுவின் தாயைப் பற்றிப் பேசுவார்கள், பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளைப் பற்றிப் பேசுவார்கள். கானான் தேசத்துப் பெண்ணைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. மகளுக்கு நோய். இயேசுவின் பின்னால் கத்திக்கொண்டே போகிறாள். சீடர்களுக்குத் தலைவலி, இவளை அனுப்பிவிடும் என்கிறார்கள். இயேசு முதலில் பதிலே சொல்லவில்லை. பிறகு சொன்னது நல்ல வார்த்தையும் இல்லை: பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்றார். அவள் விடவில்லை. மேசையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று அவருடைய வார்த்தையையே பிடித்துக்கொண்டு திருப்பிப் பேசினாள். அவர் அவளைப் பாராட்டினார். மகள் பிழைத்தாள்.

எதிர்த்துப் பேசியதற்காக அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. அவள் புருஷன் எங்கே என்றும் யாரும் கேட்கவில்லை. தாயைக் கனம்பண்ண இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியாது. அமைதியான தாயைத்தான் கர்த்தருக்குப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும், பேசுவோம்.

6

எழுதியதைப் பெனினாவின் போனுக்கு அனுப்பினேன். “ஆன்ட்டி, எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. நீங்களே வந்து படிங்க” என்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை போனேன். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

முதல் வரைவில், சால்வை போர்த்தப்பட்டதும் “அவள் கண்களிலிருந்து இரண்டு சொட்டு நீர் உருண்டது” என்று எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் ஆறுமுகத்தாய் கையைத் தூக்கினாள்.

“நில்லுங்க யக்கா. யாரு அழுதா?”

“நீங்கதான்.”

“நான் எங்க அழுதேன்? நீங்க பாத்தியளா?”

“பார்க்கல. கதைக்கு...”

“கதைக்கு அழணும்னா நீங்க அழுங்க. எனக்கு அன்னைக்கு வேர்த்துச்சு. கால் நடுங்குச்சு. அதப் போடுங்க. அழுதேன்னு போட்டா, பாவம், மனசு எளகிட்டா, இன்னொரு தடவ கேட்டா வந்துருவான்னு நினைப்பாவ.”

அந்த வரியை அங்கேயே அடித்தேன். அவள் சொன்னதுதான் சரி. கண்ணீர் அவளுடையது அல்ல, என்னுடைய பழக்கம்.

“முடிவு எப்படி வைக்க?” என்று கேட்டேன். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஹெப்சிபா கேட்டது: கைகள் சேர்கின்றன, மணி அடிக்கிறது. இன்னொன்று நானே யோசித்தது: தங்கையா வாசலில் மண்டியிட, அவள் அவனைத் தாண்டிப் போகிறாள். இரண்டையும் படித்துக் காட்டினேன்.

பெனினா சிரித்துவிட்டாள். “ரெண்டாவது ஃபுல் ஃபில்மி ஆன்ட்டி.”

“ரெண்டுலயும் அந்த ஆளுதான் கடைசில நிக்கான்” என்றாள் ஆறுமுகத்தாய். முன்பெல்லாம் புருஷனை “அவிய” என்று மரியாதையாகத்தான் சொல்வாள். “என் கதைன்னு சொல்லிட்டு அவன்ல கொண்டு முடிக்கிய. திங்கக்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன்னு போடுங்க. அதான் நடந்துச்சு.”

(திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனாள்.)

7

ஹெப்சிபா கதையைப் படித்தாள். திருப்பிக் கொடுக்க, அன்று நான் போயிருந்த மாட்டுங்கா தங்கை வீடுவரை தேடி வந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அதை ஆறவிட்டாள்.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா போட முடியாதுக்கா.”

“ஏன்? பொய்யா?”

“பொய் இல்ல. ஒருத்தி வேண்டாம்னு சொன்னா அடுத்தவளும் சொல்லுவா. எத்தன வீட்டுல என்னென்ன நடக்குன்னு எனக்குத் தெரியும்லா. அதான் கமிட்டில பயப்படுதாவ.”

“நீ பயப்படுறியா?”

அவள் ஆறிய காபியை ஒரே மூச்சில் குடித்தாள். முடிவை மாற்றினால் வரும் வியாழன்வரை நேரம் தருவதாகச் சொன்னாள். மாற்ற மாட்டேன் என்றேன். அதனால் இந்தக் கதை மலரில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.

வரும் ஞாயிறு மறுபடியும் அன்னையர் ஞாயிறு. இந்த வருடம் புது ஏற்பாடு: எல்லாத் தாய்மார்களுக்கும் பீடத்தருகே ஆசீர்வாத ஜெபம். புருஷனோடு வாழ்கிறவர்களையும் விதவைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிரிந்திருக்கிறவர்களைக் கூப்பிட மாட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்கிறார்கள். நேற்று ஆறுமுகத்தாயைப் போனில் பிடித்து இதைச் சொன்னேன். வேறு யாராவது அவளிடம் முதலில் சொல்வதை நான் விரும்பவில்லை.

“கூப்பிடாட்டி என்ன?” என்றாள். “எனக்குக் கால் இல்லையா?”

அவள் போவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போதகர் அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பாரா, ஹெப்சிபா என்ன செய்வாள், தங்கையா தலை குனிந்திருப்பானா என்பதையெல்லாம் என்னால் கற்பனை செய்து எழுத முடியும். எழுத மாட்டேன். இவ்வளவு நாளும் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு முடிவு எழுதிக்கொண்டே இருந்தார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு மட்டும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். நடுப்பாதை ஓரம், ஐந்தாவது பெஞ்சு, என் பக்கத்தில். பெயர்கள் எல்லாம் வாசித்து முடிந்திருக்கும். பின்னாலிருந்து பெயர் கூப்பிடாத ஒரு பெண் மகளோடு எழுந்து நடந்து வருவாள். நம் பெஞ்சைத் தாண்டும்போது அவள் நம்மைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள்.

நான் எழுந்து அவள் பின்னால் போவதாக இருக்கிறேன். நீங்கள்?