செங்காட்டுக்கு மேலே நின்ற விமானம்

1954ஆம் வருஷம் ஆடி ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு வெங்கடபதி நாயுடு விமானம் ஏறி, மூன்று தென்னை மர உயரம் போய், இச்சிமரத்துப்பாளையத்தில் தன் சொந்தச் செங்காட்டுக்கு நேர் மேலே நின்றுவிட்டார். முன்னால் போகவும் இல்லை, கீழே விழவும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று அன்றைக்கு மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் கிழக்கே தள்ளியது. அவருடைய விமானம் அதே ஐம்பது மைலில் மேற்கே போனது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட, மனிதர் அந்தரத்தில் நின்றார். காற்று அடங்கினால் தானாக இறங்கிவிடுவார் என்று ஊர் சொன்னது. புரட்டாசியில் ஊருக்கெல்லாம் காற்று அடங்கியது. செங்காட்டுக்கு மேலே மட்டும் அடங்கவில்லை. நம்பாதவர்கள் சூலூரில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், சொல்கிறவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அந்த விமானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சண்டைக் காலத்தில் சூலூர்த் திடலில் வெள்ளைக்காரக் கடற்படை வைத்திருந்த சாதி அது. கப்பலில் இடம் அடைக்காமல் இருக்க, கோழி மாதிரி இரண்டு இறக்கையையும் பின்னால் மடக்கிக்கொள்ளும். சண்டை முடிந்து துரைமார் போனபோது ஒன்று மட்டும் பழுதாகி வேலிக்காத்தான் புதரில் கிடந்தது. மோட்டார் பம்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்த வெங்கடபதி அதைப் பழைய இரும்பு ஏலத்தில் எடுத்து, இறக்கையை மடக்கி, இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்துவந்து மாட்டுக் கொட்டகையில் விட்டார். மாடுகள் புளியமரத்தடிக்குப் போயின. மூன்று வருஷம் சாயங்காலம் தவறாமல் அவர் அதற்குள் உட்கார்ந்து, இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் விரித்து, தரையிலேயே பறக்கப் படித்தார். அவர் மனைவி ராமாமணி வாலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் "காத்து!" என்று கத்தினால் வாலை ஆட்ட வேண்டும், "மேகம்!" என்றால் கண்ணாடிக்கு முன்னால் போர்வையைப் பிடிக்க வேண்டும். பகலெல்லாம் பருத்திக்காட்டில் நின்றவளுக்கு இது வேறு. கை ஓய்ந்துபோகும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தோன்றாது. அவ்வளவு சந்தோஷம் அதில் இருக்கும்.

ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று வெங்கடபதியின் அம்மா ரங்கம்மாள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். விமானத்துக்கு நல்ல நேரம் வேண்டாம், நல்ல காற்றுத்தான் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே மகன் ஏறிப் போனார். ஏறும்போது பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஒன்றுதான் ராமாமணிக்குப் பிற்பாடு உறுத்தியது.

முதல் மாதம் பல்லடத்திலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். நிலக்கடலை விற்றவர்கள் நாலு காசு பார்த்தார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து, ஏலத்தில் விற்ற சாமானுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருஷம் யாரும் வரவில்லை. மூன்றாம் வருஷம் ஊர்க்காரர்களே அண்ணாந்து பார்ப்பதை விட்டார்கள். விமானத்தின் நிழல் விழுந்த இடத்தில் பருத்தி நாலு விரற்கடை குட்டையாக நின்றது. களையெடுக்கிற பெண்கள் மத்தியானம் அந்த நிழலில் உட்கார்ந்து கம்மஞ்சோறு சாப்பிட்டார்கள். சூலூரிலிருந்து கிளம்புகிற பட்டாளத்து விமானங்கள் சற்று ஒதுங்கிப் போகப் பழகின. பூவாத்தாள் என்கிற களைக்காரி நிமிராமலே, சத்தத்தை வைத்து, இது ரெட்டை வால் சரக்கு விமானம், இது ஜெட்டு என்று பிரித்துச் சொல்வாள். மேலே நின்றதற்குச் சத்தமே இல்லை. எண்ணெய் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், ஆனாலும் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ராமாமணி மட்டும் தினம் மூன்று வேளை அண்ணாந்து பார்த்தாள். பம்பு செட்டுக் கடையை அவள் நடத்தினாள், காட்டை அவள் உழவு செய்தாள், மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டாள். பாவம், இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்று நினைத்து நினைத்தே ஏழு வருஷத்தை ஓட்டினாள். அந்த நினைப்பில் களைப்பு இருந்தது, கசப்பு இல்லை.

கசப்பைக் கொண்டுவந்தவர் அக்பர் அலி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பீளமேட்டு விமானத் திடலில் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். இறக்கை மடக்கும் விமானம் ஒன்று இன்னும் ஆகாயத்தில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, 1961இல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. விசையைக் கொஞ்சம் கொறைச்சா அது தானா எறங்கிரும். அவரு எறங்கத் தெரியாம நிக்கலீங்க. எறங்காம நிக்கறாரு."

ராமாமணி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. செத்துப்போனால் அழலாம், ஓடிப்போனால் திட்டலாம். தலைக்கு மேலே நின்றுகொண்டு வராமல் இருக்கிறவனை என்னதான் செய்வது? மூன்றாம் நாள் பீளமேட்டுக்குப் பஸ் ஏறிப் போய், தனக்குப் பறக்கச் சொல்லித் தரும்படி அக்பர் அலியிடம் கேட்டாள். மேலே நிற்கிற புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், வருகிறாரா இல்லையா என்று. இல்லை என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம்.

வாரத்தில் மூன்று நாள், இரண்டு வருஷம் போனாள். புருஷனுடைய காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறியதை ஊர் ஒரு மாதம் பேசியது. முப்பத்தேழு வயதுப் பொம்பளை இத்தனை சீக்கிரம் கற்றுக்கொண்டது அக்பர் அலிக்கு ஆச்சரியம். கொட்டகையில் வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்திலேயே பாதி அவள் காதில் விழுந்திருந்தது அவருக்குத் தெரியாது. உரிமச் சீட்டு வந்த அன்று ரங்கம்மாள் கட்டிலில் படுத்தபடி கேட்டாள், "நீயும் மேல போய் நின்னுட்டீன்னா எனக்கு ஆரு அம்மணி?"

"கேட்டுப்போட்டு வந்தர்றேனுங்க அத்தை. ஒரே பேச்சு."

1963 ஆடியில், தலையில் தோல் குல்லாயும் கண்ணில் பெரிய கண்ணாடியுமாக, பயிற்சி விமானத்தில் தனியாகக் கிளம்பினாள். செங்காட்டுக்கு மேலே வந்ததும் காற்று அவளையும் பிடித்து, வெங்கடபதிக்குப் பக்கத்தில், இரண்டு வண்டி நிற்கிற இடைவெளியில் நிறுத்தியது. சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தாள். அவருக்கு இன்னும் முப்பது வயதுதான். மீசையில் ஒரு நரை இல்லை. விமானம் ஏறிய அன்று காலையில் அவள் வைத்துவிட்ட விபூதி நெற்றியில் கலையாமல் இருந்தது.

அவர் இவளைப் பார்த்து மரியாதையாகக் கையைத் தூக்கினார். "ஏனுங்கம்மா, நீங்களும் பறக்கறீங்களா? நல்லதுங்க! எந்த ஊருங்க?"

இரண்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கேள்வியை அவள் கேட்கவில்லை. "பக்கத்துத் தோட்டமுங்க," என்றாள்.

"அப்பிடீங்களா. எறங்கினா ஒரு ஒத்தாசை பண்ணுங்க. கீழ என்ற ஊட்டுல ராமாமணின்னு இருப்பா. ஏறின அவசரத்துல அவகிட்டச் சொல்லாம வந்துட்டனுங்க. மொகத்தைத் தூக்கி வெச்சிருப்பா. நான் ஏறி கால் மணி நேரங்கூட ஆகலே. காத்து கொஞ்சம் அடங்கட்டும், இந்தா வந்தர்றேன்னு சொல்லிப்போடுங்க."

குல்லாயைக் கழற்றினால் போதும். கழற்றிவிட்டால் அவர் இறங்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இறங்கினால் அந்த முகத்தில் இருக்கிற சந்தோஷம் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு காலைப் பொழுதில் பாதிகூட அவர் இன்னும் அனுபவிக்கவில்லை.

"சொல்லிப்போடறேனுங்க," என்றாள். "நீங்க பைய வாங்க." விசையைக் குறைத்தாள். விமானம் தானாக இறங்கியது.

பீளமேட்டில் சக்கரம் தரையைத் தொட்டபோது அக்பர் அலி ஓடிவந்தார். அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது, முக்கால்வாசி வெளுத்தும் இருந்தது. 1964 ஆடி அது. ஒரு வருஷமாகச் செங்காட்டின் மேல் இரண்டு விமானம் நின்றதென்றும், தை மாதத்தில் ரங்கம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றும், கடைசி வரை மருமகளைத்தான் கேட்டாள் என்றும் அவர் மெல்லச் சொன்னார். ராமாமணி இறக்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியாருக்காக அங்கேயே வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்த பிறகுதான் அக்பர் அலி கேட்டார், வெங்கடபதி என்ன சொன்னார் என்று.

"வர்றேன்னாருங்க. என்னை உட்டுட்டுப் போகலீங்க அவரு."

"எப்பன்னு சொன்னாரா?"

"அவருக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க. எனக்குத்தான் ஆயுசு பத்தாது."

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினாள். இத்தனை வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. எழுந்ததும் மாமியாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். பிறகு வடக்கு மூலையில் ஒரு கிணறு வெட்ட ஆள் விட்டாள், கடைக்குப் புதுக் கதவு போட்டாள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்த குமாஸ்தா, குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று அவள் சொன்னாள். அவன் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.