அரிசி நிறைஞ்சிருக்கு

எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று எலக்ட்ரீஷியனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். எந்த டப்பாவில் எந்தப் பருப்பு என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார். அப்படிப்பட்டவர்தான் மனைவியிடம் மார்தட்டியிருந்தார். "நீ நிம்மதியா போயிட்டு வா. சமையலறைய நான் பாத்துக்கறேன்."

மனைவிக்குத் தையல் கம்பெனியில் வேலை. அவளிடம் தொழில் பழகியவர்களெல்லாம் சூப்பர்வைசராகி அவளையே அதட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் அவள் முறை வந்திருந்தது. வெளியூரில் பயிற்சி. ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம் அங்கேதான். "வீடு ஓடுதான்னு பாத்துட்டு முடிவு பண்றேங்க. இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தாள். அவள் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்பது அவருக்கு வைராக்கியமாகிவிட்டது.

துணைக்கு மாமியார் வந்திருந்தார். முழங்கால் வலியால் அதிகநேரம் நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே அரிசியும் உப்பும் அளந்து கொடுத்து வேலை வாங்குவதில் கில்லாடி.

அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் எலக்ட்ரீஷியன் பஸ் பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். தெருமுனைக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கினால் கட்டுப்படியாகாது, மாதத்துக்கும் சேர்த்து வாங்கு என்பது மனைவியின் உத்தரவு. வெங்காயத்தை அமுக்கிப் பார்த்தார். பருப்பில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். எதற்குக் கடிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் நின்றவர் கடித்தார், இவரும் கடித்தார்.

கடையில் நின்றபடியே மாமியாருக்குப் போன் போட்டார்.

"அத்தை, எண்ணெய் எவ்வளவு இருக்கு?"

"பாட்டில்ல பாதி இருக்கு மாப்பிள்ளை."

"அரிசி?"

"நிறைஞ்சிருக்கு."

"உப்பு?"

"அதுவும் நிறைஞ்சிருக்கு மாப்பிள்ளை. மறந்துடாதீங்க."

அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. அரிசிக்கும் உப்புக்கும் வைத்திருந்த இடத்தில் உருளைக்கிழங்கையும் கோதுமை மாவையும் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். மகள் குட்டிக்கு ஒரு பொட்டலம் உப்புக்கடலையும் வாங்கினார். இரண்டு தோளிலும் பை தொங்க, போரில் ஜெயித்த தோரணையில் வீட்டுக்குள் நுழைந்தார்.

மாமியார் பைகளை எட்டிப் பார்த்தார். "அரிசி மூட்டை பின்னாடி வண்டியில வருதா?"

"அரிசி எதுக்கு அத்தை? நிறைஞ்சிருக்குன்னீங்களே."

"ஆமா, நிறைஞ்சிருக்கு. அதான் கேக்கறேன்."

"நிறைஞ்சிருந்தா எதுக்கு வாங்கணும்?"

"நிறைஞ்சிருக்கறதாலதான் வாங்கணும்."

எலக்ட்ரீஷியன் அரிசி டிரம்மைத் திறந்தார். உள்ளே அளக்கும் டம்ளர் மட்டும் மல்லாந்து கிடந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுக்களையில் "இல்லை" என்ற வார்த்தையை வாயெடுத்துச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறவர் மாமியார். தீர்ந்துபோனால் "நிறைஞ்சிருக்கு" என்பார். ஹாஸ்டலில் வளர்ந்த மாப்பிள்ளைக்கு அது எங்கே தெரியும்? அவர் மனைவியோ எதையும் பட்டென்று போட்டு உடைக்கிறவள். தீர்ந்தது என்றால் தீர்ந்தது.

தெருமுனைக் கடைக்கு அன்று வார விடுமுறை. மறுபடி மார்க்கெட்டுக்குப் பஸ் பிடித்தால் திரும்ப ராத்திரியாகிவிடும். பக்கத்து வீட்டில் கேட்கலாம். கேட்டால் செய்தி அவருக்கு முன்னால் மனைவியின் காதுக்குப் போய்விடும். "வீடு ஓடலை, நான் கிளம்பி வரேன்" என்பாள்.

"மாவு இருக்கில்ல? ரொட்டி போடுங்க. பருப்பை வேக வைங்க" என்றார் மாமியார்.

"உப்புக்கு எங்க போறது அத்தை?"

குட்டி அப்போது உப்புக்கடலையைத் தின்றுவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியன் பொட்டலத்தைப் பிடுங்கினார். அவள் வாயைத் திறந்து அழுவதற்குள் பாதிக் கடலை உரலுக்குள் போய்விட்டது. இடித்துப் பருப்பில் கொட்டிக் கிளறினார். ரொட்டி ஒன்றும் வட்டமாக வரவில்லை. ஆனால் அழுதவளே மூன்றாவது ரொட்டிக்குத் தட்டை நீட்டினாள்.

சாப்பிடும்போதே மனைவி வீடியோவில் வந்தாள். "என்னங்க, அரிசி இருக்கா?"

எலக்ட்ரீஷியன் மாமியாரைப் பார்த்தார். மாமியார் கூரையைப் பார்த்தார். மனைவியிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னாலோ காரியம் கெட்டுவிடும்.

"நிறைஞ்சிருக்கு" என்றார்.

மனைவி புருவத்தைச் சுருக்கினாள். "உப்பு?"

"அதுவும்... நிறைஞ்சிருக்கு."

"எங்கம்மா சொல்ற மாதிரி நிறைஞ்சிருக்கா, ஊரு சொல்ற மாதிரியா?"

"உங்கம்மா சொல்ற மாதிரி" என்றார், குரல் இறங்கி.

குட்டி போனைப் பறித்துக்கொண்டாள். "அம்மா, அப்பா என் கடலையப் பருப்புல போட்டுட்டாரு. நல்லா இருக்கு. நாளைக்கும் இதேதான் வேணும்."

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அரிசியும் இல்லாம உப்பும் இல்லாம மூணு பேரும் வயிறாறச் சாப்பிடறீங்க. இதுக்கு மேல நான் வந்து என்ன பண்ணப் போறேன்? கையெழுத்துப் போட்டுடறேங்க."

அவர் தன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துக் குட்டியின் தட்டில் வைத்தார்.

"மனசு நிறைஞ்சிருக்குங்க" என்றாள் அவள்.

எலக்ட்ரீஷியன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எந்த நிறைஞ்சிருக்கு?"

"ஊரு சொல்ற மாதிரிதாங்க" என்றாள் மனைவி.